ஜிர்காடாங்கில் நின்றுபோன தீர்ப்பு

அந்தமானின் டெலானிபூர் டீக்கடையில் எந்த வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் ஒருவர் சொல்லிவிடுவார்: "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, அப்புறம் என்ன?" அதோடு பேச்சு முடிந்துவிடும். கோர்ட் சொன்னால் நடந்துவிடும் என்ற இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும்கூட. சான்று தேடி தில்லிக்குப் போக வேண்டாம். விடியுமுன் பாராடாங் கிளம்பும் ஏதாவதொரு சுற்றுலா வண்டியில் ஏறுங்கள்.

ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். படம் எடுக்காதே, வண்டியை நிறுத்தாதே, சாப்பிட எதுவும் கொடுக்காதே என்று எச்சரிப்பார்கள். பிறகு போலீஸ் காவலோடு கான்வாய் ஜாரவாப் பழங்குடியினரின் காட்டுக்குள் நுழையும். சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, இந்தக் காட்டுக்குள் போகும் சாலையை மூடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2002 மே 7 அன்று. சாலை இன்னும் திறந்தே கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஜாரவா மக்கள் 380 பேர்தான். அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் நாம் சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகிறோம்.

"அப்படின்னா கோர்ட் எதுக்கு?" என்று கேட்பீர்கள். சட்டத்தின் எல்லை எது என்று சொல்வதற்கு. அதன் கையில் போலீசும் இல்லை, கஜானாவும் இல்லை. அதனால்தான் எல்லா அதிகாரிகளும் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 144-ஆம் பிரிவு எழுதப்பட்டது. 2013 ஜனவரியில் இந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்தது. மார்ச்சில் அது விலகும்வரை சுற்றுலா வண்டிகள் நின்றன. அதே சாவடி, அதே போலீஸ். நிர்வாகம் மனம் வைத்தால் முடியும் என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

சாலையை மூடினால் ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் நோயாளிகளுக்கு வழி வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. நான் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில், நம்பிப் போகக்கூடிய கப்பல். கப்பல் விடுவது நீதிபதியின் வேலையல்ல. நமக்குச் சட்டமன்றம் கிடையாது, இருப்பது ஒரே ஒரு எம்.பி. அதனால்தான் எதற்கெடுத்தாலும் கோர்ட்டைப் பார்த்தே பழகிவிட்டோம். கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல் இருக்க அது நமக்கு வசதியாகவும் போய்விட்டது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு டெலானிபூருக்கு வருகிறவரை நிறுத்தி இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: 2002 உத்தரவு என்ன ஆயிற்று? கப்பல் எப்போது வரும்?