காந்தத்தின் வாசலில் காவல் யார்?

காந்தம் இரும்பை இழுக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அறிந்த பாடம் இது. லாடக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, மணலில் இழுத்து, இரும்புத்தூள் பொறுக்கி விளையாடாத சிறுவன் நம் நெல்லைச் சீமையில் உண்டா? அந்தப் பாடத்தை ஒரு நொடி மறந்ததால், 2025 ஜூலையில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வெஸ்ட்பரி என்ற ஊரில், 61 வயது மனிதர் ஒருவர் மாண்டார். மனைவிக்கு முழங்காலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும், எழுந்திருக்கக் கைகொடுக்கும்படி கணவரை அழைத்தார் அந்த அம்மையார். கணவரின் கழுத்தில் உடற்பயிற்சிக்காக அணிந்திருந்த சங்கிலி; எடை ஏறத்தாழ 9 கிலோ. உள்ளே அடியெடுத்து வைத்தார். காந்தம் அவரை வாரி இழுத்தது. மறுநாள் உயிர் பிரிந்தது.

அமெரிக்காவில் நடந்ததற்கு நெல்லையில் ஏன் கட்டுரை என்று கேட்கும் தோழர்களே, பம்பாய் அமெரிக்காவில் இல்லையே! 2018 ஜனவரியில், பம்பாய் மாநகராட்சியின் நாயர் ஆஸ்பத்திரியில், 32 வயது இளைஞர் ஒருவர் இதே முறையில் மாண்டார். அவர் நோயாளி அல்ல. நோயாளிக்குத் துணையாக வந்தவர். ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே எடுத்துவரச் சொன்னார்கள். இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று சொன்னார்கள் என்பது உறவினர்களின் குற்றச்சாட்டு. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார். சிலிண்டரோடு சேர்த்து அவரையும் இழுத்தது காந்தம். மராட்டிய சர்க்கார் ஐந்து லட்சம் ரூபாய் அறிவித்தது. ஒரு டாக்டரும் வார்டு ஊழியர்களும் கைதானார்கள்.

அதற்கு முன்பே, 2014 நவம்பரில், நவி மும்பையின் கார்கரில் டாட்டா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், வார்டு ஊழியர் ஒருவரும் டெக்னீஷியன் ஒருவரும் சிலிண்டருக்கும் இயந்திரத்துக்கும் இடையே சிக்கி, ஏறத்தாழ நான்கு மணி நேரம் காந்தத்தின் பிடியில் கிடந்தார்கள். அதற்கும் முன்பே, 2001-ல், நியூயார்க் மாநிலத்தின் வால்ஹல்லாவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பறந்துவந்த ஆக்சிஜன் சிலிண்டர் கொன்றது. 2021-ல் தென்கொரியாவின் கிம்ஹே நகரில் 60 வயது நோயாளி ஒருவர். அங்கும் ஆக்சிஜன் சிலிண்டர்தான். நாடு வேறு, மொழி வேறு, குற்றவாளி மட்டும் ஒன்று!

ஆனால் நம் மக்கள் எதற்கு அஞ்சுகிறார்கள்? ஐகிரவுண்டில், நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அம்பையிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் வந்தவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். "உடம்புக்குள்ளே கதிர் பாயுமாமே, ரத்தம் சுண்டிப்போகுமாமே!" கொல்லாத கதிருக்கு அஞ்சுகிறோம், கொல்லும் சிலிண்டரைத் தோளில் சுமக்கிறோம்!

இந்தப் பொய்யச்சத்துக்குப் பெயரும் ஒரு காரணம். முதலில் இதை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்றார்கள். அணு என்றதும் அணுகுண்டு நினைவுக்கு வந்தது மேல்நாட்டுக்காரனுக்கு. உடனே அணுக்கரு என்ற சொல்லை வெட்டிவிட்டார்கள். கூடங்குளத்தைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லோடு இயந்திரம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. உள்ளபடி அங்கே பிளக்கப்படுவது எதுவுமில்லை. நம் உடலில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தம் அவற்றை அணிவகுக்கச் செய்கிறது. வானொலி அலை தட்டி எழுப்புகிறது. அவை திரும்பத் தம் நிலைக்கு வரும்போது கொடுக்கும் குரலைக் கேட்டுப் படம் வரைகிறார்கள். ஒன்றரை டெஸ்லா இயந்திரத்தில் அந்த அலை ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். பண்பலை வானொலிக்குப் பக்கத்து வீடு! எக்ஸ்ரேயும் சி.டி.யும் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியும் வல்லமை உடையவை. இந்த அலைக்கு அந்த வலு இல்லை. இந்த வழியைக் காட்டிய லாட்டர்பர், மேன்ஸ்பீல்டு என்ற இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

காந்தம் நமக்குப் புதியதா? தாமிரபரணி பிறக்கும் பொதிகையின் அகத்தியர் முடியில், 1850-களில், திருவிதாங்கூர் மன்னரின் விஞ்ஞானியாக இருந்த ஜான் ஆலன் பிரவுன் என்ற வெள்ளையர், புவியின் காந்தத்தை அளக்க நிலையம் கட்டினார். முனிவர் தவமிருந்த மலை என்று மற்றவர்கள் கைகூப்பிய இடத்தில், காந்தமுள்ளின் அசைவைக் குறித்தெடுத்தார்கள்! ஏன் அங்கே? காந்தமுள் மேலும் கீழும் சாயாமல் ஏறத்தாழ மட்டமாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போகிறது. அதனால்தான் நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சிற்பத்துக்காகக் கிருஷ்ணாபுரம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நெல்லை மண்ணில் புவியின் காந்தம் டெஸ்லாவில் ஒரு லட்சத்தில் நான்கு பங்கு. ஆஸ்பத்திரிக் காந்தம் ஒன்றரை டெஸ்லா. அதாவது 35,000 மடங்குக்கும் மேல். மூன்று டெஸ்லா இயந்திரங்களும் உண்டு. இத்தனை பெரிய காந்தத்துக்குள் கிடந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? தலையைச் சட்டென்று திருப்பினால் கிறுகிறுப்பு. சிலருக்கு நாக்கில் உலோகச் சுவை. வெளியே வந்தால் தீர்ந்தது. காந்தக் காப்பு, காந்த மெத்தை என்று கூவி விற்று, மூட்டுவலி போகும், சர்க்கரை போகும் என்று காசு பறிக்கும் கூட்டத்தைக் கேட்கிறோம்: 35,000 மடங்கு காந்தத்துக்குள் அரைமணி நேரம் கிடந்தும் போகாத மூட்டுவலி, உங்கள் காப்பில் ஒட்டிய துண்டுக் காந்தத்துக்கா போகும்?

தீங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும். விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இரைச்சல் புதிதல்ல. ஆனால் காதடைப்பான் இல்லாமல் படுக்க வைத்தால் காது கெடும். வானொலி அலை உடலைச் சூடாக்கும். அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்: வழக்கமான படத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 வாட். அந்த வரம்பு காப்பாற்றினாலும், சுருட்டிக் கிடக்கும் ஒயர், மார்பில் ஒட்டிய இ.சி.ஜி. கம்பி, ஒட்டிக்கொண்டிருக்கும் இரு தொடைகள் ஆகியவை மின்சாரம் ஓடும் வளையமாகித் தோலைச் சுட்டுவிடும். அதனால்தான் இடையில் மெத்தைத் துண்டு வைப்பது. 2013-ல் சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வு, படம் எடுத்தபின் ரத்த அணுக்களின் மரபிழையில் முறிவு கூடியதாகச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் அப்படி எதுவும் காணவில்லை என்றன. கர்ப்பிணிகளைப் பற்றி 2016-ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 14 லட்சம் பிரசவங்களின் பதிவேட்டைப் புரட்டினார்கள். முதல் மூன்று மாதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்ததால் பிள்ளைக்குக் கேடு வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் காடோலினியம் மருந்து ஏற்றி எடுத்தால் கேடு கூடுவதாகக் கண்டார்கள்.

அந்த மருந்தைப் பற்றித் தனியே ஒரு சொல். சிறுநீரகம் பழுதானவர்களின் தோலும் தசையும் மரக்கட்டைபோல் இறுகும் கொடுநோய் 1997-ல் முதலில் கண்ணில் பட்டது. காடோலினியம்தான் காரணம் என்பது 2006-ல் வெளிவந்தது. ஒன்பது ஆண்டு! அதன்பின் மருந்தின் வகையை மாற்றினார்கள். சிறுநீரகத்தைச் சோதிக்கும் வழக்கம் வந்தது. அந்த நோய் வெகுவாக அருகிவிட்டது. ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்ளும் தோழர் யாராயினும், கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி நம் பட்டறைத் தோழர்களுக்கு. பேட்டையில் வெல்டிங் வைப்பவர், லேத்தில் நிற்பவர், கிரைண்டரில் இரும்பு சாணை பிடிப்பவர் உங்களில் எத்தனை பேர்! கண்ணில் பொறி தெறிக்காத ஆள் யார்? 'ஊதி எடுத்தோம், சரியாகிவிட்டது' என்பீர்கள். சரியாகாமலே, நோகாமலே, ஊசிமுனை அளவு இரும்புத்துகள் விழிக்குள் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும். காந்தத்தின் அருகே போனதும் அது விழித்துக்கொள்ளும், நகரும், கிழிக்கும். 1986-ல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் இப்படி ஒரு கண் குருடான செய்தி பதிவாயிற்று. அவர் தகடு வேலை செய்த தொழிலாளி. கண்ணில் இரும்பு பட்டதுண்டு என்று சொன்னால் போதும், முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர், மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டவர், காதுக்குள் கருவி பொருத்தியவர் அதன் அட்டையோடு போக வேண்டும், எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகையும் உண்டு, ஏலாத வகையும் உண்டு. எலும்பில் வைத்த தகடு பெரும்பாலும் தொல்லை தராது. ஆனாலும் சொல்ல வேண்டும். பெண்கள் தாலிக்கொடியைக் கழற்ற மறுக்கிறார்கள். தங்கத்தைக் காந்தம் இழுப்பதில்லை, உண்மை. ஆனால் அந்தக் கொடியில் கொத்தாகக் கோத்திருக்கும் ஊக்குகள் இரும்பல்லவா? பேய் அண்டாதிருக்கக் கையில் மாட்டிய இரும்புக் காப்பு, பேயை விரட்டுமோ என்னவோ, காந்தத்தை அழைக்கும்!

இப்போது குற்றவாளியிடம் வருவோம். இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறது என்ற அந்த ஒரு சொல்தான் குற்றவாளி. மோட்டார் பம்பை நிறுத்தலாம். மாவு மில்லை நிறுத்தலாம். இந்தக் காந்தத்தை அப்படி நிறுத்த முடியாது. மைனஸ் 269 டிகிரி குளிரில், திரவ ஹீலியத்துக்குள் கிடக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விளக்கணைந்தாலும், டெக்னீஷியன் வீட்டுக்குப் போனாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் அது இழுக்கும். நிறுத்த வேண்டுமானால் ஹீலியத்தைப் பொங்கி வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பெருஞ்செலவு, நாள்கணக்கில் வேலை நிற்கும்.

இதை டாக்டர் அறிவார், டெக்னீஷியன் அறிவார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஊழியர் அறிவாரா? நேற்று ஒப்பந்தத்தில் சேர்ந்து, வாளியும் துடைப்பமுமாக உள்ளே போகும் துப்புரவுத் தோழியர் அறிவாரா? "அண்ணாச்சி, சும்மா தூக்கிட்டு வாங்க" என்றதும் சிலிண்டரைத் தோளில் ஏற்றும் உறவுக்காரர் அறிவாரா? அறிவிக்காமல் வைத்துவிட்டு, விபத்து நடந்ததும் அடிமட்டத்தில் நிற்பவனைப் பிடித்து விலங்கு மாட்டுவது என்ன நியாயம்?

எக்ஸ்ரே, சி.டி. வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர் இல்லாததால் அந்த வாரியத்தின் வேலிக்குள் அது வராது. கதிர் இல்லை, சரி, காந்தம் இல்லையா? 2001-ல் சிறுவன் மாண்டபின், அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2002-ல் ஓர் ஏற்பாடு வகுத்தது. நம் ஊர் நாலுகட்டு வீடு மாதிரி: முதல் கட்டில் எவரும் வரலாம், இரண்டாம் கட்டில் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள், மூன்றாம் கட்டின் கதவு பூட்டியே இருக்கும், நான்காம் கட்டில் காந்தம். பிறப்பைக் கேட்டு நிறுத்தும் கருவறை வாசலை எதிர்த்தவர்கள் நாம். இரும்பைக் கேட்டு நிறுத்தும் இந்த வாசலை மனமார ஆதரிக்கிறோம்.

அந்த வாசலில் இருக்கவேண்டியதைக் கேட்கிறோம். காந்தம் இரவும் பகலும் இழுக்கும் என்று ஆளுயரத் தமிழில் ஒரு பலகை. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்குவது சோதனை ஆகுமா? முக்கூடலில் பீடி சுற்றி இடுப்பு ஒடிந்து வரும் அம்மாளிடம், அவர் பேசும் தமிழில், வாய்விட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அலுமினிய சிலிண்டர், காந்தம் இழுக்காத ஸ்ட்ரெச்சர், வீல்சேர் அந்த அறைக்கென்று தனியே வேண்டும். சுவரில் ஆக்சிஜன் குழாய் வேண்டும். துப்புரவுத் தோழியர்முதல் காவலாளிவரை, ஒப்பந்தமோ நிரந்தரமோ, அந்தத் தளத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு ஒருநாள் பயிற்சி வேண்டும். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கும் இடத்தில் இதற்குப் பணமில்லை என்று எந்த முகத்தோடு சொல்வார்கள்? இது சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல. வண்ணார்பேட்டையிலும் பாளையிலும் விளக்குப் போட்டு விளம்பரம் செய்யும் தனியார் ஸ்கேன் நிலையங்களுக்கும் சேர்த்துத்தான்.

அதுவரை, நோயாளிக்குத் துணையாகப் போகும் தோழர்கள் சாவி, கத்தி, பெல்ட், செல்போன், சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு நில்லுங்கள். சிலிண்டரைத் தூக்கி வா என்று வெள்ளைக்கோட்டு போட்டவரே சொன்னாலும், இது இரும்பா அலுமினியமா என்று கேளுங்கள். விடை வரும்வரை தோளில் ஏற்றாதீர்கள்.