பிள்ளையாருக்குப் பூசை! யானைக்குச் சங்கிலி!!

நம் நாட்டில் யானைக்கு இருக்கின்ற மரியாதை வேறு எந்த மிருகத்துக்கும் இல்லையென்று வைதிகர்களும் புராணப் பிரசங்கிகளும் ஓயாமல் பெருமை பேசி வருகின்றார்கள். யானைத் தலையை ஒரு கடவுளுக்கு வைத்து அரச மரத்தடிதோறும் உட்கார வைத்திருக்கிறோமாம். முதலை வாயில் சிக்கிய யானை ஒன்று கூப்பிட்டவுடன் மகாவிஷ்ணு கருடன்மேல் ஏறிப் பறந்து வந்தாராம். 2010-ம் வருஷத்தில் மத்திய சர்க்காரும் தன் பங்குக்கு யானையைத் "தேசிய பாரம்பரிய விலங்கு" என்று விளம்பரப்படுத்திவிட்டது. சரி, இவ்வளவு மரியாதையும் பெற்ற அந்த மிருகம் இன்று எந்தக் கதியில் இருக்கின்றது என்பதை மாத்திரம் இவர்கள் பேசுவதில்லை. ஆகையால் அதை நாம் சற்று விசாரிப்போம்.

யானை கூட்டமாய் வாழும் பிராணி. பாட்டியும் தாயும் சித்தியும் குட்டிகளுமாக, வயது முதிர்ந்த ஒரு பெண் யானை வழிகாட்ட, நாளெல்லாம் நடந்தும் மேய்ந்தும் திரிவது. பெரிய யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குப் புல்லும் தழையும் பட்டையும், 100 லிட்டருக்குமேல் தண்ணீரும் வேண்டும். குட்டி வயிற்றிலிருப்பது ஏறக்குறைய 22 மாதம். பிறந்த பிறகும் பல வருஷம் தாயை விட்டுப் பிரியாது. பாதமோ மண்ணிலும் புல்லிலும் நடப்பதற்கென்று மெத்தைபோல் அமைந்தது. இப்படிப்பட்ட பிராணியைத் தாயிடமிருந்து பிரித்து, தன்னந்தனியாகக் கருங்கல் தளத்தில் சங்கிலியால் கட்டி, தன் லத்தியிலும் மூத்திரத்திலுமே நிற்கவைத்து, பாதம் வெடித்து நகம் அழுகும்படி விட்டுவிட்டு, நெற்றியில் நாமமோ பட்டையோ தீட்டி விட்டால் அதற்குப் பெயர் கோயில் யானை. இதையே ஒரு மனிதனுக்குச் செய்தால் தனிக்கொட்டடித் தண்டனை என்பார்கள். அதுவும் குற்றம் ருசுவான பிறகுதான் கொடுப்பார்கள். இந்த யானை செய்த குற்றம் என்ன?

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். மிருகக்காட்சி சாலைகளிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டுமென்று 2009-ல் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் உத்தரவிட்டது. காரணம், யானை நடமாட அங்கே இடம் போதாது என்பதே. பல ஏக்கர் உள்ள மிருகக்காட்சி சாலையில் போதாத இடம், பிரகாரத்து மூலையில் மாத்திரம் எப்படிப் போதுமானதாகிவிட்டது? சர்க்கஸ்காரன் அங்குசத்தைக் காட்டிச் செய்வித்தால் வித்தை, கோயிலில் அதே அங்குசத்தைக் காட்டிச் செய்வித்தால் ஆசீர்வாதம்! காசை வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தலையிலும் துதிக்கையை வைத்துக்கொண்டே இருக்கும்படி அந்தப் பிராணியைப் பழக்கி வைத்திருக்கின்றார்கள். மனிதருக்கு வரும் காசநோய் யானைக்கும் ஒட்டக்கூடியது, யானையிடமிருந்து மனிதருக்கும் திரும்பக்கூடியது என்பது வைத்தியர்கள் கண்டறிந்த சங்கதி. கைக்குழந்தையைத் தூக்கி நீட்டும் தாய்மார்களிடம் இதை எந்த அர்ச்சகராவது சொல்லியிருக்கிறாரா?

2021 பிப்ரவரியில், யானைகளுக்குப் புத்துணர்வு ஊட்டுவதற்கென்றே அறநிலையத் துறையார் நடத்திய தேக்கம்பட்டி முகாமில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் யானை மரத்தில் கட்டப்பட்டு அடிபட்டதைப் படமாகவே நாடு பார்த்தது. வருஷம் முழுவதும் கல்லில் நிறுத்திவிட்டு நாற்பது ஐம்பது நாள் புல்லைக் காட்டியதே யானைப் பசிக்குச் சோளப்பொரி. அங்கேயும் அடியென்றால் என்ன சொல்வது? 2022 நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடுத்தெருவில் விழுந்து செத்தது. விநாயகர் கோயில் யானைக்கே இந்தக் கதி! 2024 நவம்பர் 18-ந் தேதி திருச்செந்தூர்க் கோயில் யானை பாகனையும் அவர் உறவினர் ஒருவரையும் கொன்றது. உடனே அங்கே நடந்ததென்ன? நடையைச் சாத்திப் பரிகார பூசை செய்து திரும்பத் திறந்தார்கள். தீட்டுக் கழிந்தது. பரிகாரம் சாமிக்கு, செத்துப்போன ஏழைகளின் குடும்பத்துக்குப் பரிகாரம் எந்த ஆகமத்தில் இருக்கின்றது? பாகனும் பாவம், அந்தச் சங்கிலியின் இன்னொரு முனையில் கட்டுண்டு கிடப்பவனே.

மலையாளத்திலோ கேட்கவே வேண்டாம். ஒரு கண் பார்வை கெட்டுப்போன தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரன் என்னும் யானை 2019 பிப்ரவரியில் குருவாயூருக்குப் பக்கத்தில் வெடிச் சத்தத்தில் மிரண்டு இரண்டு பேரைக் கொன்றது. மூன்று மாதம் கழித்து, மே மாதத்தில், அதே யானையைத் திருச்சூர்ப் பூரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதலில் அதிகாரிகள் மறுத்தார்கள். அப்படியானால் எந்த யானையையுமே அனுப்பமாட்டோமென்று யானை முதலாளிகள் மிரட்ட, சர்க்கார் பணிந்தது. 2024 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம், ஒரு யானைக்கும் மற்றொரு யானைக்கும் 3 மீட்டராவது இடைவெளி விடுங்கள், வாணவேடிக்கைக்கு 100 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள் என்று சொன்னது. பூரத்தை நடத்தும் தேவஸ்வங்களோ சம்பிரதாயம் கெட்டுப்போகுமென்று உச்சநீதிமன்றம் வரை ஓடி, டிசம்பரில் அந்த உத்தரவுகளுக்குத் தடை வாங்கின. யானைக்கு மதம் பிடித்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறங்கிவிடும். மனிதனுக்குப் பிடித்தது இறங்குவதாய்க் காணோம்.

இந்த யானைகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் இருந்து. பீகாரில் சோன்பூர்ச் சந்தை இதற்குப் பேர்போனது. யானையை விற்கக் கூடாதென்று சட்டம் வந்த பிறகு, "தானம்" என்று பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தை மறைவில் வாங்கிக்கொள்ளும் புரட்டு கிளம்பிற்று. 2022-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, மத காரியத்துக்காகவோ வேறு காரியத்துக்காகவோ யானையை இடம் மாற்றலாம் என்று மத்திய சர்க்கார் வழியையே திறந்துவிட்டது. பாரம்பரிய விலங்கு என்று பட்டம் கொடுத்த சர்க்காருக்கு இது எப்பேர்ப்பட்ட யோக்கியதை!

காட்டு யானையின் கதைக்கு வருவோம். 2017 கணக்கெடுப்பில் இந்தியாவில் 27,312 யானைகள் என்றார்கள். 2025-ல் வெளியான கணக்கில் 22,446. முன்னதின் முறை வேறு, லத்தியிலிருந்து மரபணு எடுத்து மதிப்பிட்ட பின்னதின் முறை வேறு. ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இத்தனை செத்தன என்று கூச்சல் போடுவது நேர்மையல்ல. ஆனால் கழிக்க வேண்டாத கணக்கொன்று இருக்கின்றது. ஐந்து வருஷத்தில் மனிதரால் செத்த யானைகள் 528 என்று 2024-ல் பார்லிமெண்டில் சர்க்காரே சொன்னது. இதில் மின்சாரத்தால் 392, ரயிலால் 73, வேட்டையால் 50, விஷத்தால் 13. தந்தத் திருடனைவிட மின்கம்பி எட்டு மடங்கு கொல்லுகின்றது.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் கள்ளத்தனமாய் மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பிணங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. 2021 நவம்பரில் கோயமுத்தூர் நவக்கரையில் ரயில் மோதி மூன்று. அதே வருஷம் ஜனவரியில் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரியும் பொருளை வீசிச் சுட்டுக் கொன்றார்கள். நீலகிரிச் சீகூரில் யானை நடக்கும் வழியிலேயே உல்லாச விடுதிகள் கட்டி, பல வருஷம் வழக்காடி, 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் "வழியை விடு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. விடுதிக்காரர்கள் வீட்டில் பிள்ளையார் படம் இல்லாமலா இருக்கும்?

"யானை ஊருக்குள் வந்து சோளத்தைத் தின்கிறதே, குடியானவன் என்ன செய்வான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யானையால் வருஷத்துக்கு 500 பேர் அளவில் இந்நாட்டில் சாகின்றார்கள். அவர்களில் எஸ்டேட் முதலாளியோ விடுதி முதலாளியோ அநேகமாய் இருக்கமாட்டார்கள். காட்டை வெட்டித் தேயிலை போட்டவன் ஒருவன். வழியை அடைத்தவன் ஒருவன். வயலில் இரவு கண்விழித்து மிதிபட்டுச் சாகிறவன் மூன்றாமவன். இந்த மூன்றாமவனுக்கு நஷ்ட ஈட்டை அலையவிடாமல் உடனே கொடுத்தால் அவன் ஏன் கம்பியில் மின்சாரம் பாய்ச்சப் போகிறான்?

2023 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இனிக் கோயில்களோ தனி நபர்களோ புதிதாய் யானை வாங்கலாகாது என்று கூறிற்று. அது போதாது. இப்போது கட்டிக் கிடப்பவற்றின் சங்கதி என்ன? அறநிலையத் துறையார் அவற்றைத் தெப்பக்காட்டுக்கும் கோழிகமுத்திக்கும் அனுப்பி, யானையோடு பிறந்து வளர்ந்த குறும்பர், மலசர் வசம் ஒப்படைக்கட்டும். தீவனச் செலவையும் பாகர் சம்பளத்தையும் உண்டியலிலிருந்து கட்டட்டும். யானை இல்லாமல் சாமி புறப்படாது என்பவர்களுக்கும் வழி பிறந்துவிட்டது. 2023-ல் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளிக் கிருஷ்ணன் கோயிலில் இரும்பாலும் ரப்பராலும் செய்து, மின்சாரத்தால் காதையும் துதிக்கையையும் ஆட்டும் யானை ஒன்றை நிறுத்தினார்கள். அந்தச் சாமி இதுவரை ஆட்சேபித்ததாய்த் தகவல் இல்லை. நம் ஊர்ச் சாமிகளுக்கும் அதில் ஒன்றொன்று வாங்கிக் கொடுங்கள்.