பள்ளிக்கூடத்தைப் பூட்டினா ஃப்ளூ போயிடுமா?

2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் பரவினப்போ புதுச்சேரி அரசு என்ன பண்ணிச்சு? 16லிருந்து 26 வரை, எட்டாம் வகுப்பு வரைக்கும் லீவு. சரிங்க, பாகூர்ல அம்மா நடவுக்குப் போயிட்டா பிள்ளை யார்கிட்ட இருக்கும்? ஆயாகிட்ட. ஃப்ளூ அதிகமா சாகடிக்கிறதே அந்த வயசுக்காரங்களைத்தான்!

ஓசெல்டாமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள்ள கொடுத்தாத்தான் நல்லா வேலை செய்யும். எங்க பக்கம் அந்த ரெண்டு நாளும் மெடிக்கல் ஷாப்லயே போயிடுது. மூணாம் நாள் மூச்சு வாங்கினா ஜிப்மருக்கு ஓட்டம்.

வில்லியனூரோ பாகூரோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை கையிருப்பு, வயசானவங்களுக்கு வருஷா வருஷம் இலவச ஃப்ளூ ஊசி: தயாரிப்புன்னா இதைத்தான் சொல்வேன். கொரோனா ஊசி போட்ட நர்ஸம்மாக்கள் இருக்காங்களே! ஃப்ளூ ஊசி மட்டும் ஏன் காசுள்ளவன் சமாச்சாரம்?