ஈயம் என்றால் எந்த ஈயம்?

மின்னணுக் கழக மாணவர்கள் பற்றவைப்புப் பழகுவதற்குக் காரீயம் கலந்த கம்பியே எளிது என்கிறார்கள் சில நண்பர்கள். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த கம்பி 183 பாகை செல்சியசில் இளகிவிடும்; உண்மைதான். ஆயினும் நான் உடன்படேன். எளிமை ஒன்றே அளவுகோலா?

எழும் புகை பிசினுடையது. அதற்குச் சன்னலைத் திறந்து வைக்கலாம். காரீயமோ விரலில் ஒட்டி, உணவோடு வாய்க்குள் செல்கிறது. பிள்ளைகளின் மூளைக்குத் தீங்கிழைக்காத காரீய அளவென்று எதுவும் அறியப்படவில்லை.

வெள்ளீயத்தோடு சிறிது செம்பு சேர்ந்த கம்பி 227 பாகையில் உருகும். இணைப்பு மங்கலாகத் தெரியும், அது குறையன்று. கூடுதல் சூட்டைக் கையாளுவது பழக்கத்தில் வந்துவிடும்.

ஆசிரியர்களே, கடையில் வெறுமனே 'ஈயம்' என்று கேட்காதீர்கள். எந்த ஈயம் என்று கேளுங்கள்.