காலடி மண்ணைக் கல்லாத கல்வி

உருசிய நாட்டுக் கருமண்ணைப் பற்றி வினவினால் நம் மாணவர் தடையின்றி விடை பகர்வர். செர்னோசெம் என்னும் அதன் பெயரையும் பிழையின்றிச் சொல்வர். தக்கணத்துக் கரிசல் நிலமும் அவர்க்குத் தெரியும். ஆனால், கற்பிட்டி மணலின் இயல்பு யாதென வினவினாலோ, “மணல், மணல்தானே” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இதன்பொருட்டு மாணவரை நாம் குறைகூறுவதற்கில்லை. தொலைவிலுள்ளதே கல்வி, அருகிலுள்ளது அன்றாட வழக்கம் என்று பிரித்துவைத்த பாடமுறையின் பயன் இது. விழா மலரிலே கல்லூரியின் பெருமைகளை எடுத்துரைக்கப் பலர் உளர். ஆகலின் நாம் காலடியிலுள்ள மண்ணைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

பாறை நொறுங்கிய பொடியே மண் என்று அறிஞரும் கருதிய காலம் ஒன்றுண்டு. அக்கருத்தை மாற்றியவர் உருசிய அறிஞர் டோக்குச்சாயெவ். தம் நாட்டுக் கருமண்ணை ஆராய்ந்து 1883ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், மண் தனக்கெனத் தோற்றமும் வளர்ச்சியும் உடைய தனி இயற்கைப் பொருள் என்பதை நிலைநாட்டிற்று. பின்னர் 1941இல் ஹான்ஸ் ஜெனி என்பார், தாய்ப்பொருள், காலநிலை, உயிரினம், தரையின் ஏற்றத்தாழ்வு, காலம் ஆகிய ஐந்தும் கூடியே மண்ணை ஆக்குகின்றன என விளக்கினார். இவ்வைந்தையும் மனனஞ் செய்து தேர்விலே எழுதிவிடுவது எளிது. அவற்றை நம் கரையோரத்திற் கண்டுகொள்வதே கல்வியாகும்.

கண்டுகொள்ளுதற்கு நம் மாவட்டத்தைப் போல் வசதியான இடம் வேறு அரிது. கற்பிட்டிக் குடாநாடு, அலையும் நீரோட்டமும் காற்றும் வடக்கு நோக்கிக் கொண்டுவந்து குவித்த மணலாலும் சிப்பித்துகளாலும் ஆயது. புவியின் வரலாற்றிலே அது நேற்றுப் பிறந்த நிலம். அதன் வயது சில ஆயிரம் ஆண்டுகளே. அங்கே ஒரு குழி அகழ்ந்து பார்ப்போர், மேலே இலைமக்கினாற் சிறிது கறுத்த ஒரு படையையும், அதன் கீழ் வேறுபாடில்லாத மணலையுமே காண்பர். படைபடையாகப் பிரிந்து முதிர்வதற்கு அதற்கு இன்னும் காலம் வாய்க்கவில்லை. ஆகவே அறிஞர் அதனை ரெகோசொல் என வகுத்தனர். களப்பைக் கடந்து வண்ணாத்திவில்லுப் பக்கம் சென்றாலோ நிலம் ஆழ்ந்த செம்மண்ணாக மாறிவிடுகின்றது. அங்கும் மணலே மிகுதி. ஆனால் நெடுங்காலம் மழையும் வெயிலும் பட்டு, ஒவ்வொரு மணியின் மீதும் இரும்பு ஒட்சைட்டுப் பூச்சு ஏறிவிட்டது. செம்மஞ்சள் லற்றோசொல் என்பது அதன் பெயர். அருவக்காட்டிலே சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழும் இடத்தில், கல்லின்மேல் அச்செம்மண் போர்வை கிடப்பதைக் காணலாம். இன்னும் உள்நாட்டிற் சென்றால், பழைய பளிங்குப்பாறை சிதைந்து உண்டான செங்கபில மண். காய்ந்தால் மண்வெட்டிக்கு இணங்காது, நனைந்தால் காலை விடாது. குளங்களும் வயல்களும் அதனோடு பிறந்தவை.

இவை யாவற்றையும் ஒழுங்குபடுத்தி, 1961ஆம் ஆண்டில் மூர்மன், பானபொக்கே என்னும் இருவரும் இலங்கை மண்களுக்கு ஒரு வகுப்பு முறையை வெளியிட்டனர். பின்வந்த அமெரிக்க முறையும் உலக முறையும் புதுப்பெயர்கள் சூட்டின. பெயர் மாறியதால் மண் மாறிவிடவில்லை; ஆயினும் தேர்வுக்குப் படிப்போர் பாடு கடினமாயிற்று. தமிழ் மரபு கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று ஒரே பெயரில் அடக்கியது. அது வாழ்க்கையின் வகுப்பேயன்றி மண்ணின் வகுப்பன்று. நம் மாவட்டத்து நெய்தல் ஒன்றனுள்ளேயே மணலும் செம்மண்ணும் உவர்நிலமும் கண்டற்காட்டுச் சேறும் அடங்கியுள்ளன.

நிற்க. பெயர் தெரியாதிருத்தலால் வரும் கேடு யாது என வினவுவார் உளர். கேடு கிணற்றிலே இருக்கின்றது.

களிமண்ணும் மக்கும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் அவை அமோனியம், பொட்டாசியம் முதலிய ஊட்டங்களைப் பற்றி வைத்து, பயிர் வேண்டும்போது கொடுக்கின்றன. கற்பிட்டி மணலிலோ களியும் சிறிது, மக்கும் சிறிது. இட்ட யூரியா சில நாள்களில் நைத்திரேற்றாக மாறுகின்றது. நைத்திரேற்றை எந்த மண்ணும் இறுகப் பிடிப்பதில்லை, மணல் சற்றும் பிடிப்பதில்லை. அடுத்த நீர்ப்பாய்ச்சலோடு அது கீழிறங்கிவிடும். கீழே இருப்பது யாது? குடிநீர். மழைநீர் மணலூடே வடிந்து, பாரமான உவர்நீரின்மேல் மிதக்கும் வில்லை போன்ற நன்னீர்ப்படை அது. அந்நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாலும் கீழே அதற்கேற்ப உவர் மேலெழும். அவ்வில்லையிலிருந்தே தோட்டக்காரர் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கின்றார். அதிலிருந்தே அவர் மனையாள் உலைக்கு நீர் மொள்ளுகின்றாள். இறைத்த நீர் உரத்தைச் சுமந்துகொண்டு அதே கிணற்றுக்கு மீள்கின்றது.

1980களிலிருந்து நடந்த ஆய்வுகள், குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதைக் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் அகலாது; காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி அதன் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் அருந்தும் பச்சிளங்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது.

இதற்காக உழவரைப் பழிப்பது அறமன்று. உரமின்றி அம்மணலிற் பயிர் எழாது. ஆயினும் எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு, ஒரே மூட்டை என்னும் முறை பிழையானது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்துக்கு நாடு முழுவதும் தடை விதிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டதை யாவரும் அறிவர். தடைவிதித்தோரும் செங்கபில மண்ணையும் கடற்கரை மணலையும் வேறுபடுத்திப் பார்த்திலர். அதற்குமுன் வாரி வழங்கியோரும் பார்த்திலர். மணலுக்கு வேண்டுவது சிறிது சிறிதாகப் பலமுறை இடும் உரமும், ஆண்டுதோறும் சேரும் சாணமும் தழையும், அளந்து விடும் நீருமாம். செய்கை பெருகும், ஆனால் செலவு குறையும்.

களப்போரத்திலும் இதே கதைதான். 1980களில் முந்தல், சிலாபம் பக்கத்து உவர்நிலங்களிலும் கண்டற்காடுகளிலும் இறால் குளங்கள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல குளங்களை வெறுமையாக்கிற்று. நோய்க்கு மண் காரணமன்று. ஆயினும் கைவிட்ட குளங்கள் மீண்டும் எளிதிற் பசுமை கொள்ளாமைக்கு மண்ணே காரணம். சோடியம் மிகுந்த களி நனைந்தால் குழம்பாகி நீரை உள்ளே விடாது. கண்டற்சேற்றில் அடங்கிக் கிடக்கும் பைரைற்று காற்றுப் பட்டால் கந்தகவமிலத்தை விளைவிக்கும். குளம் வெட்டுமுன் ஒரு பிடி சேற்றை எடுத்துச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய செய்திகள் இவை.

ஆகவே நாம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வளவின் ஒரு மூலையிலே நான்கடி ஆழத்துக்கு ஒரு மண்குழி அகழ்க. அதன் ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் செதுக்கி, படைகளை அளவுகோலோடு குறித்து வைக்க. செம்மண், உவர்மண், வயல்மண் ஆகியவற்றை ஊர்தோறும் உள்ள மாணவர் கொணர்ந்து கண்ணாடிக் குழாய்களில் அடுக்குக. மழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை, மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரை நைத்திரேற்றுக்கும் உப்புக்கும் சோதித்து ஒரு பேரேட்டில் எழுதிவருக. சோதனைத் தாள்களுக்கான செலவைப் பழைய மாணவர் ஏற்கலாம். லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்திலேயே இருத்தலின் மண்சோதனை பற்றி அறிவுரை கேட்பதும் எளிது. குழி அகழும் வேலையை மாரிக்கு முன்னரே முடித்தல் நன்று. மணற்பாங்கான வளவாயின் நான்கடிக்குள்ளேயே நீர் ஊறிவிடக்கூடும். அவ்வாறு ஊறின், குழியை மூடவேண்டாம்; அந்நீரையே முதலிற் சோதித்துப் பேரேட்டின் முதல் வரியில் எழுதிவிடலாம்.