சாவி வாங்குமுன் சான்று கேள்!

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று கிழக்கே பாருங்கள், தோழர்களே! நேற்று நாற்று நட்ட நிலத்தில் இன்று மாடிக்குமேல் மாடி! அம்பத்தூரிலும் ஆவடியிலும் வியர்வை சிந்திய பாட்டாளி, பி.எப். பணத்தைத் துடைத்தெடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, அங்கே ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறான். விளம்பரத் தாளிலே பூங்கா இருக்கிறது, நீச்சல்குளம் இருக்கிறது. பணி நிறைவுச் சான்றிதழ் இருக்கிறதா? கேட்டவர் எத்தனை பேர்?

"அனுமதி இருக்கிறதே!" என்பார் விற்பவர். அனுமதி என்பது, கட்டப்போவதாகக் காட்டிய வரைபடத்துக்குக் கிடைத்த ஒப்புதல். கட்டியது அதன்படிதானா என்று பார்த்துத் தருவதே நிறைவுச் சான்றிதழ். முன்னது வாக்கு, பின்னது சாட்சி. வெறும் வாக்கை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கலாமா?

மௌலிவாக்கத்தை மறந்துவிட்டோமா? 2014 ஜூன் 28, மழை மாலையில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. மாண்டவர் 61 பேர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளரும் அதிலே மடிந்தனர். திட்ட அனுமதி பெற்ற கட்டடம்தான் அது! பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்குப் பணம் கட்டியோர் கனவும் தூளாயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. சான்றிதழ் பெற்று வாங்குவோருக்குத் தரும் பொறுப்பை, 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுபவர் தலையில் வைக்கிறது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை கண்டு சொன்னால், 30 நாளில் தம் செலவிலேயே அவர் சரிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சிறு குடியிருப்புகளுக்கு விலக்களித்தாலும், பெரிய அடுக்குமாடிக்குச் சான்றிதழ் இன்றி மின், குடிநீர் இணைப்பு இல்லை என்கின்றன.

நல்ல விதிதான். ஆனால் இணைப்பு மறுக்கப்பட்டால் இருட்டில் இருப்பவன் யார்? வாங்கியவன்! ஏய்த்தவனோ அடுத்த மனைக்கு அஸ்திவாரம் தோண்டப் போய்விடுகிறான். ஆகவே ஆட்சியாளரைக் கேட்கிறோம்: கட்டடம் எழும்போதே கண்காணியுங்கள், பிழை செய்தவனைப் பிடியுங்கள்!

தோழர்களுக்கும் ஒரு சொல். தெருமுனைப் படிப்பகத்திலே ஏடு படித்துக் காட்டி, எழுத்தறியாதவரையும் அரசியல் பேசவைத்தது நம் இயக்கம். வீடு வாங்கப் புறப்படும் தொழிலாளியின் கையிலுள்ள தாள்களையும் அங்கே விரித்துப் படித்துக் காட்டுங்கள். சான்றிதழ் இல்லையென்றால், "பொறு அண்ணே, பணத்தைக் கொடுக்காதே!" என்று தடுத்து நிறுத்துங்கள். அதுவும் இயக்கப் பணிதான்!