கொழும்பின் குப்பையும் புத்தளத்தின் முற்றமும்

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று பிற்பகல், கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து அதன் அடிவாரத்திலிருந்த வீடுகளை மூடியது. 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்டிகைக்காக வீட்டில் கூடியிருந்தவர்கள் கொழும்பு மாநகரம் வீசியெறிந்த குப்பைக்குள் புதையுண்டார்கள்.

இதனை இயற்கை அனர்த்தம் என்று கூறிவிட முடியாது. அந்த மேட்டின் நிழலில் வாழ்ந்த மக்கள் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே வீதியில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். குப்பை கொட்டுவதை நிறுத்துங்கள் என்பதே அவர்களது கோரிக்கை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் குப்பைக்கு வேறோர் இடம் தேடவேண்டி வந்திருக்கும்.

மீதொட்டமுல்லயே அப்படித் தேடிப் பிடிக்கப்பட்ட இடந்தான். அதற்கு முன்னர் வடகொழும்பின் புளூமெண்டல் பகுதியில் மலைபோல் குப்பை குவிக்கப்பட்டது. அதுவும் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் இடம். 2009 இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டினால் அங்கு கொட்டுவது நின்றது. உடனே 'தற்காலிகம்' என்ற பெயரில் மீதொட்டமுல்லவுக்கு லொறிகள் திரும்பின. எமது நாட்டில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஆயுள் அதிகம். அதற்கான விலையை 2017 இல் மனித உயிர்களாகச் செலுத்தினோம்.

ஒரு குப்பைமேடு ஏன் சரிகிறது? எமது வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது சோறு, மரக்கறி, பழத்தோல் போன்ற உக்கும் கழிவு. அதனைப் பொலித்தீனுடனும் போத்தல்களுடனும் ஒன்றாகக் கட்டிக் கொட்டும்போது காற்றுப்படாமல் அழுகி மீதேன் வாயுவை உண்டாக்குகிறது. மழைநீர் உள்ளே இறங்கித் தேங்குகிறது. ஈரமும் பாரமும் சேர்ந்த குவியல் தன்னைத் தாங்க முடியாமல் ஒருநாள் நழுவுகிறது. அந்தப் பழத்தோலை வீட்டிலேயே தனியாகப் பிரித்திருந்தால் அது பசளையாகியிருக்கும்.

அனர்த்தத்தின் பின்னர் அரசாங்கம் கண்ட பிரதான தீர்வு புத்தளம் மாவட்டத்தின் அறுவக்காடு. சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்பட்ட, வில்பத்துச் சரணாலயத்திற்கு அண்மித்த நிலம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர். குப்பையைக் களனியில் வைத்து இறுக்கிப் புகையிரதத்தில் ஏற்றிச் சென்று அங்கே புதைப்பது திட்டம். 2018 இல் புத்தளம் மக்கள் தொடர்ச்சியாகப் போராடினார்கள். 2019 மார்ச்சில் கொழும்புக்கே வந்து குரல் எழுப்பினார்கள். அதே வருடம் ஓகஸ்டில் முதலாவது லொறிகள் அறுவக்காட்டை அடைந்தன.

இது திறந்த வெளியில் கொட்டும் குப்பைமேடு அல்ல, அடித்தளத்தில் தடுப்பு விரித்துக் கழிவுநீரைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் முறையான நிலநிரப்பு என்று பொறியியலாளர்கள் விளக்கினார்கள். மீதொட்டமுல்லவோடு ஒப்பிட்டால் அது மேலான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால், புத்தளத்து மக்கள் எழுப்பிய கேள்வி வேறு: ஏன் எப்போதும் நாங்கள்?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. சீமெந்துத் தொழிற்சாலையின் தூசு அவர்களுக்கு. நாடு முழுவதற்கும் மின்சாரம் தரும் 900 மெகாவாற் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் சாம்பலும் அவர்களுக்கு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினரை, சொந்த வளம் போதாத நிலையிலும் ஏற்றுக்கொண்டதும் இதே மாவட்டந்தான். இவ்வளவையும் சுமக்கும் மண்ணில் தலைநகரின் குப்பையையும் இறக்கி வைப்பதற்கு முன்னர், அம்மக்களின் சம்மதம் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

இது கொழும்புக்கு மட்டும் உரிய பழக்கமன்று. எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரம் 2010 வரை தனது குப்பையை எல்லை கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்களில் கழிவு இலங்கையில் வந்து இறங்கிய செய்தி 2019 இல் வெளியானபோது நாடே கொதித்தது. நாங்கள் என்ன பிரித்தானியரின் குப்பைத்தொட்டியா என்று பத்திரிகைகள் கேட்டன. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. திருப்பி அனுப்புமாறு உத்தரவு கிடைத்தது. 2022 பெப்ரவரியில் இறுதித் தொகுதியும் கப்பலேறியது. அது நியாயமான கோபம், நியாயமான வெற்றி.

கொழும்பை நோக்கிப் புத்தளத்தான் கேட்டதும் அதே கேள்விதான். அப்போது மட்டும் அது அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்கும் பிடிவாதமாக எமக்குத் தோன்றியது. கடல் கடந்து வரும் குப்பை தேசிய அவமானம். மாவட்டம் கடந்து போகும் குப்பை நகர நிர்வாகம். இந்த இரட்டை அளவுகோலை வைத்துக்கொண்டு சுற்றாடல் நீதி பற்றிப் பேசுவதற்கு எமக்கு அருகதை இல்லை.

2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் பெறும் நிலையம் இயங்கத் தொடங்கியது. பாரம் ஓரளவு குறைந்தது உண்மை. எனினும் ஈரக் குப்பை இலகுவில் எரியாது. எரிந்தாலும் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலும் ஓரிடத்துக்குப் போயாக வேண்டும். எந்தத் தொழில்நுட்பமும் எமது சமையலறையிலிருந்து தொடங்கவேண்டிய பொறுப்பை எமக்குப் பதிலாகச் சுமக்காது. உக்குவதையும் உக்காததையும் பிரிப்பது, உக்குவதை அந்தந்த வட்டாரத்திலேயே பசளையாக்குவது, மிஞ்சுவதை மாத்திரம் வெளியே அனுப்புவது, அனுப்பும் இடத்து மக்களுக்கு அத்திட்டத்தில் மறுப்புரிமையும் கண்காணிப்பு உரிமையும் வழங்குவது – இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பல்ல.

மாடிக் குடியிருப்புகளும் உல்லாச விடுதிகளும் கொழும்பில் வருடாவருடம் உயர்கின்றன. அவற்றுக்கு அனுமதி வழங்கும்போது தண்ணீர் எங்கிருந்து வரும், மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். குப்பை யாருடைய வாசலுக்குப் போகும் என்பதையும் அதே மேசையில் வைத்து, அந்த வாசலுக்கு உரியவர்களின் முன்னிலையில் கேட்க வேண்டும்.